ஏழாம் மாதப் போட்டோ: ஜூனில் தனியாக எடுக்கலாமா, ஆனி வளைகாப்போடு சேர்த்துவிடலாமா?

வைகைக்கரை (மதுரை)

தோழிகளே, அண்ணன்மார்களே, ஒரு யோசனை தேவை. எனக்கு இப்போது 25 வாரம் முடிந்திருக்கிறது. முதல் குழந்தை. மாமியார் வீட்டில் ஆனியில், ஒன்பதாம் மாதம் வளைகாப்பு என்று முடிவு செய்துவிட்டார்கள். அது முடிந்த கையோடு அம்மா என்னைச் சிவகாசிக்கு அழைத்துப் போய்விடுவார். அதற்குள் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் நிதானமாகச் சில படங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை. வளைகாப்புக்கு வருகிற போட்டோகிராபரையே ஒரு மணி நேரம் கூடுதலாக இருக்கச் சொல்லலாமா? இல்லை, முன்கூட்டியே தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளலாமா?

இடம் என்று பார்த்தால் தெப்பக்குளம், இல்லாவிட்டால் கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரம். ஒரு ஸ்டுடியோவில் தரையில் புரளும் நீளக் கவுன் வாடகைக்குத் தருகிறார்களாம். சேலையா கவுனா என்றே இன்னும் முடிவு செய்யவில்லை. மாமியாரிடம் பேச்சே எடுக்கவில்லை. வீட்டுக்காரரோ கேமராவைப் பார்த்தாலே பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி விறைத்துவிடுவார். அதற்கும் வழி இருந்தால் சொல்லுங்கள்.

கொங்குத்தோழி (ஈரோடு)

வளைகாப்பு அன்று வேண்டவே வேண்டாம். அன்றைக்கு விடியற்காலையில் எழுந்து தலைக்குக் குளித்து, பட்டு கட்டி, மனையில் உட்கார வேண்டும். ஊரே வரிசையில் வந்து கன்னத்தில் சந்தனம் பூசும், வளையல் அடுக்கும், ஆரத்தி எடுக்கும். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு என்று ஒவ்வொரு அத்தையும் ஒரு வாய் ஊட்டுவார்கள். எல்லாம் முடிந்து போட்டோகிராபர் "இப்ப நீங்க ரெண்டு பேரும் மட்டும்" என்று சொல்லும்போது இடுப்பு விட்டுப்போயிருக்கும், கால் வீங்கியிருக்கும். படத்தில் சிரிப்பு இருக்கும், கண்ணில் தூக்கம் இருக்கும்.

இன்னொன்று, ஒன்பதாம் மாதம் என்பதே கொஞ்சம் தாமதம். 28 வாரத்திலிருந்து 34க்குள் எடுத்துவிடுங்கள். அதற்கு முன்னால் சிலருக்கு வயிறு அவ்வளவாகத் தெரியாது, அதற்குப் பிறகு நிற்பதற்கே சலிப்பாக இருக்கும்.

இரட்டையர் அம்மா (சென்னை)

இரட்டைக் குழந்தை என்றால் இந்தக் கணக்கு வேறு. எங்கள் டாக்டர் ஆறாம் மாத முடிவிலேயே "எடுக்கிறதை எல்லாம் இப்பவே எடுத்துக்கோம்மா" என்றார். எனக்கு அப்போதே எட்டு மாத வயிறு. வேறு யாராவது பிறகு படிப்பார்கள் என்பதற்காகச் சொல்லி வைக்கிறேன்.

செவிலி அக்கா (திருச்சி)

பிரசவ வார்டில் வேலை. போட்டோ எடுப்பதற்கு நான் எதிரி இல்லை. என் இரண்டாவது பிரசவத்தின்போது நானே எடுத்துக்கொண்டேன். ஆனால் ஷூட்டிங் முடிந்து நேராக எங்களிடம் மயக்கத்தோடு வருபவர்களையும் பார்க்கிறேன். ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், மல்லாந்து படுக்கச் சொன்னால் படுக்காதீர்கள். பூ பரப்பி நடுவில் படுக்க வைத்து மேலேயிருந்து எடுப்பது இப்போது எல்லா இடத்திலும் நடக்கிறது. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பையின் எடை முதுகுத்தண்டை ஒட்டி ஓடும் பெரிய இரத்தக்குழாயை அழுத்தும். தலை சுற்றும், வியர்க்கும், குழந்தைக்குப் போகிற இரத்தமும் குறையும். அந்தப் படம் வேண்டும் என்றே இருந்தால் வலது இடுப்புக்கு அடியில் ஒரு தலையணை வைத்து இடப்பக்கமாகச் சாய்ந்து படுங்கள், முந்தானையால் தலையணையை மறைத்துவிடலாம். ஓரிரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

அடுத்து சாப்பாடு. வயிறு அழகாகத் தெரிய வேண்டும் என்று காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வருகிறார்கள். சர்க்கரை இருக்கிறவர்கள், ஊசி போடுகிறவர்கள் இதைச் செய்யவே கூடாது. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பையில் வாழைப்பழம், கடலை மிட்டாய், இளநீர் இருக்கட்டும். சர்க்கரை உள்ளவர்கள் அதற்குப் பதில் சுண்டல் எடுத்துக்கொள்ளலாம்.

இடம் பார்க்கும்போது எல்லாரும் வெளிச்சம் எப்படி, பின்னணி எப்படி என்று பார்க்கிறார்கள். ஏழாம் மாதத்தில் முதலில் பார்க்க வேண்டியது கழிப்பறை. ஐந்து நிமிட நடையில் சுத்தமான கழிப்பறை இல்லாத இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

மருதாணி: இலை அரைத்து வைப்பது நல்லது. பத்தே நிமிடத்தில் கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கிற கோனில் பிபிடி என்ற சாய இரசாயனம் இருக்கக்கூடும், கை வெந்து கொப்பளித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வண்ணப்புகைக் குச்சி, பாறை மேல் ஏறுவது, குளத்தில் இறங்கி நிற்பது, இதற்கெல்லாம் என் பதில் "வேண்டாம்" தான். நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது, இரத்தக்கசிவு இருந்தது, கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருக்கிறது என்றால் டாக்டரிடம் கேட்காமல் எந்தத் தேதியும் வைக்காதீர்கள். அன்றைக்குக் காலையில் முகமும் கையும் திடீரென்று வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ இருந்தால் போட்டோவை விட்டுவிட்டு நேராகப் போய் பிபி பாருங்கள். மேக்கப்பில் அந்த முக வீக்கத்தை மறைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவர்களும் உண்டு.

வைகைக்கரை (மதுரை)

அக்கா, மிக்க நன்றி. மல்லாந்து படுக்கிற விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. நான் குறித்து வைத்திருந்த மாதிரிப் படங்களில் பாதி அப்படித்தான் இருக்கிறது.

மலையடிவாரம் (மதுரை)

கீழக்குயில்குடி எங்கள் பக்கம். தாமரைக்குளம், அய்யனார் கோவில், ஆலமரம் மூன்றும் அடிவாரத்திலேயே இருப்பதால் மேலே ஏற வேண்டியதில்லை. சமணச் சிற்பங்கள் இருக்கிற செட்டிப்புடவுக்கும் பேச்சிப்பள்ளத்துக்கும் போகிற படிகள் பாறையில் வெட்டியவை. சாதாரணமாக ஏறினாலே மூச்சு வாங்கும், நீங்கள் அந்தப் பக்கமே பார்க்க வேண்டாம். மலை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கைப்பேசியில் எடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள், ஸ்டாண்டும் விளக்கும் குடையுமாகப் போய் இறங்கினால் அனுமதி கேட்பார்கள். நாயக்கர் மகாலிலும் இதே கதைதான், முன் அனுமதி இல்லாமல் தொழில்முறைப் படப்பிடிப்பு முடியாது. மீனாட்சியம்மன் கோவிலுக்குள் கைப்பேசியே கொண்டுபோக முடியாது என்பது உங்களுக்கே தெரியும்.

தெப்பக்குளம் மாலையில் வேண்டாம். பஜ்ஜிக் கடை, ஐஸ்கிரீம் வண்டி, நடைப்பயிற்சிக் கூட்டம் என்று உங்கள் வயிற்றைப் பார்த்து "எத்தனை மாசம்மா" என்று கேட்க ஆள் வந்துகொண்டே இருக்கும். விடியற்காலை என்றால் பரவாயில்லை.

அப்புறம் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், அந்தக் காற்று மதுரையில் வைகாசிக் கடைசியிலேயே தொடங்கிவிடுகிறது. ஜூனில் பிற்பகலில் திறந்தவெளியில் நின்றால் சேலையைப் பிடிப்பதா, முடியைப் பிடிப்பதா என்றாகிவிடும். காலை ஏழு மணிக்குள் முடித்துவிட்டால் காற்றும் கம்மி, வெயிலும் கம்மி.

நெல்லைச்சீமை (பாளையங்கோட்டை)

வயதில் மூத்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் பிள்ளைகளே. வயிற்றில் இருக்கும்போது இப்படி ஊருக்கெல்லாம் காட்டுவது நம் வழக்கமா? எங்கள் காலத்தில் ஏழாம் மாதம் என்றால் வாசலில் நிற்கக்கூட விடமாட்டார்கள். கண் பட்டால் கல்லும் உடையும். இதெல்லாம் வெளிநாட்டு நடிகைகள் தொடங்கி வைத்த பழக்கம்.

அப்பாவாகப்போகிறவன் (ஓசூர்)

அம்மா, வயிற்றைத் திறந்து வைத்து எடுக்கிற பாணி அங்கிருந்து வந்தது உண்மைதான். 1991 ஆகஸ்டில் வேனிட்டி ஃபேர் பத்திரிகை அட்டையில் ஏழு மாத கர்ப்பிணியாக ஹாலிவுட் நடிகை டெமி மூரின் படம் வந்தது, ஒளிப்படக் கலைஞர் ஆனி லீபோவிட்ஸ் எடுத்தது. அமெரிக்காவிலேயே சில கடைகள் அதை உறை போட்டு மறைத்து விற்றன. அங்கேயும் அன்றைக்கு உங்களைப் போலத்தான் கேட்டிருக்கிறார்கள்!

பழைய ஆல்பம் (கும்பகோணம்)

நெல்லைச்சீமை அம்மா சொல்வதில் எனக்குப் பாதி சம்மதம், பாதி மறுப்பு. ஊருக்கெல்லாம் காட்டுவது புதுசு. ஆனால் மசக்கைக்காரியை அலங்கரித்துப் படம் எடுப்பது நம் வீடுகளில் புதுசே இல்லை. எங்கள் வீட்டு அலமாரியில் என் பெரியம்மா, அம்மா, சித்தி மூவருக்கும் சீமந்தப் படம் இருக்கிறது. மூன்றுமே ஸ்டுடியோவில் எடுத்தவை. பின்னால் மாளிகைத் தூணும் படிக்கட்டும் வரைந்த திரை, பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி. முகம் நம்மைப் பார்க்கும், கண்ணாடிக்குள் பூச்சடை முழுக்கத் தெரியும். சடை தைக்கிறவர் காலையிலேயே வீட்டுக்கு வந்துவிடுவார். வாழைப்பட்டையில் மல்லிகை மொட்டை வரிசையாகத் தைத்து, நடுவில் கனகாம்பரம் வைத்து, பின்னலோடு சேர்த்துக் கட்டுவார். தாழம்பூ கிடைத்த நாளில் அதையும் மடித்து வைப்பார். அவ்வளவு வேலையும் அந்த ஒரு படத்துக்காகத்தான். கண்ணாடி இல்லாத ஸ்டுடியோவுக்கு யாரும் போக மாட்டார்களாம்.

அந்தப் படங்களில் ஒரு விஷயம் கவனித்தேன். வயிறு தெரியவே தெரியாது. பட்டுச் சேலையின் மடிப்புக்குள் மறைந்திருக்கும், அல்லது இடுப்புக்கு மேலே மட்டும் எடுத்திருப்பார்கள். என் அம்மாவின் படத்தில் இரண்டு கையிலும் முழங்கை வரை இருக்கிற கண்ணாடி வளையலை வைத்துத்தான் அது சீமந்தம் என்றே சொல்ல முடியும்.

வைகைக்கரை, உங்கள் மாமியார் வீட்டிலும் அப்படி ஒரு படம் இருக்க வாய்ப்பு அதிகம். முதலில் அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.

நெல்லைச்சீமை (பாளையங்கோட்டை)

கண்ணாடி போட்டோ எனக்கும் எடுத்தார்கள், 1984இல். அதை மறந்தே போனேன். சரி, வீட்டோடு இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பிள்ளை பிறக்கும் வரை ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.

ஒளிப்படக்காரன் (தஞ்சாவூர்)

தொழிலே இதுதான். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாம் எடுப்பேன். என்னிடம் கேட்டால், வெளியிடத்தைவிட உங்கள் வீடே போதும் என்பேன். இதைச் சொல்வதால் எனக்கு வருமானம் குறையும், இருந்தாலும் அதுதான் உண்மை. வீட்டில் கழிப்பறை இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, களைத்தால் படுக்கலாம், உடை மாற்ற மறைவு தேட வேண்டாம்.

தேவையானது ஒரு பெரிய ஜன்னல், அவ்வளவுதான். நேர் வெயில் உள்ளே விழாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்குப் பக்கவாட்டில், ஒரு கை எட்டுகிற தூரத்தில் அம்மாவாகப்போகிறவர் நிற்க வேண்டும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுந்தால்தான் வயிற்றின் வளைவு தெரியும். நேர் எதிரிலிருந்து ஃபிளாஷ் அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். அறையிலிருக்கும் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். பாதி முகம் நீலமாகவும் பாதி மஞ்சளாகவும் வருவது இரண்டு வெளிச்சம் கலப்பதால்தான்.

நம் ஊர் வீடுகளில் இன்னொரு சிக்கல், சுவர் நிறம். கிளிப்பச்சை, ரோஸ், ஊதா என்று அடித்திருப்பார்கள். அந்த நிறம் அப்படியே முகத்தில் ஏறும். எட்டு முழ வெள்ளை வேட்டி ஒன்றை எடுத்து ஜன்னலுக்கு எதிர்ப்பக்கச் சுவரில் கட்டிவிடுங்கள். சுவர் நிறமும் மறையும், வெளிச்சமும் திரும்பி முகத்தின் இருட்டுப் பக்கத்தில் விழும். கடையில் வாங்குகிற ரிஃப்ளெக்டர் செய்வதும் இதைத்தான். கரை அகலமில்லாத வேட்டியாகப் பாருங்கள்.

கைப்பேசியில் எடுப்பவர்கள் கிட்டப்போய் எடுக்காதீர்கள். அகன்ற லென்ஸில் கிட்டத்தில் எடுத்தால் கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாகும். மூக்கு, கை, வயிறு என எல்லாம் கணக்கில்லாமல் வீங்கித் தெரியும். இரண்டு மடங்கு ஜூம் வைத்துக்கொண்டு எட்டு பத்து அடி தள்ளி நில்லுங்கள். கேமரா நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலான உயரத்தில் இருக்கட்டும். கீழேயிருந்து மேலே பார்த்து எடுத்தால் தாடை இரண்டாகத் தெரியும், பிறகு என்னைத் திட்டுவீர்கள்.

நிற்கிற விதம்: கேமராவுக்கு நேராக நின்றால் வயிறு தெரியாது, முக்கால் பக்கம் திரும்புங்கள். உடல் எடை பின்னங்காலில், முன்னங்கால் முட்டி லேசாக மடங்கட்டும். ஒரு கை வயிற்றுக்கு மேலே, ஒரு கை கீழே. விரலை விறைப்பாக வைக்காதீர்கள். முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் உடம்பு முழுக்க ஒரே அகலமாகத் தெரியும்.

வீட்டுக்காரர் விறைப்பதற்கு மருந்து, அவருக்கு வேலை கொடுப்பதுதான். "சிரிங்க சார்" என்று நான் சொல்வதே இல்லை. மனைவிக்குப் பூ வைத்துவிடச் சொல்வேன், வளையல் போட்டுவிடச் சொல்வேன், காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடச் சொல்வேன். கை வேலையில் இருந்தால் முகம் தானாக இளகும். குழந்தை உதைக்கிற நேரத்தில் அவர் கையை அங்கே வைக்கச் சொல்லுங்கள், அந்த முகத்தை யாரும் நடிக்க முடியாது.

கொங்குத்தோழி (ஈரோடு)

காலுக்கு எண்ணெய் தேய்க்கிற படம்! என் வீட்டுக்காரரிடம் காட்டிவிட்டேன். பார்க்காத மாதிரி எழுந்து போய்விட்டார்.

தையல்மிஷின் (திருப்பூர்)

உடையைப் பற்றி யாரும் பேசவில்லையே. கவுன் வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் முந்தின நாளே வாங்கி வந்து ஒரு தடவை அலசி வெயிலில் காய வையுங்கள், எத்தனை பேர் வியர்வை அதில் இருக்கிறதோ. தரையில் புரளும் வால் இருந்தால் படிக்கட்டில் அதோடு நடக்காதீர்கள். நிற்கிற இடத்துக்குப் போனபின் யாராவது விரித்துவிடட்டும்.

சேலைதான் என் ஓட்டு. ஆனால் கனமான காஞ்சிப் பட்டு வேண்டாம். ஜரிகை ஜன்னல் வெளிச்சத்தில் பளீரென்று அடிக்கும், துணி விறைப்பாக நின்று வயிற்றின் வடிவத்தையே மறைத்துவிடும். ஜார்ஜெட், ஷிஃபான், இல்லாவிட்டால் பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பருத்திச் சேலை. முந்தானையை மடிப்பு மடிப்பாகப் பின் குத்தாமல் ஒற்றையாக விடுங்கள், உள்ளே வயிற்றின் வட்டம் அழகாகத் தெரியும். கொசுவத்தை வயிற்றுக்குக் கீழே செருகுங்கள். நாடா கட்டின உள்பாவாடை இறுக்கும், அகலமான எலாஸ்டிக் வைத்தது தேடிப் பாருங்கள்.

ரவிக்கை நிச்சயம் பற்றாது. கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கையில் பக்கத் தையலில் துணி விட்டிருப்பார்கள், அதைப் பிரித்துத் தைத்தால் போதும். ஆனால் இப்போதே பிரிக்காதீர்கள், படம் எடுக்கிற நாளுக்கு ஒரு வாரம் முன்னால் அளவு கொடுங்கள். அதற்குள் இன்னும் மாறியிருக்கும். மோதிரம் இறுக்கினால் அன்றைக்கு வேண்டாம், வளையல் போதும்.

வயிறு தெரிகிற மாதிரி எடுப்பதாக இருந்தால் இரண்டு மணி நேரம் முன்னாலிருந்தே தொளதொள நைட்டியில் இருங்கள். நாடா, எலாஸ்டிக் தடம் பதிந்தால் சீக்கிரத்தில் மறையாது.

வைகைக்கரை (மதுரை)

வயிறு தெரிகிற படம் எடுப்பதா வேண்டாமா என்பதிலும் எனக்குக் குழப்பம். தொப்புளுக்குக் கீழே கறுப்புக் கோடு, பக்கத்தில் எல்லாம் வரி வரியாகத் தழும்பு. எடிட்டிங்கில் எடுத்துவிடலாம் என்கிறார்கள்.

செவிலி அக்கா (திருச்சி)

அந்தக் கோடு நிறைய பேருக்கு வரும், பிறந்தபின் மெல்ல மங்கும். எடுப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

ஒளிப்படக்காரன் (தஞ்சாவூர்)

கேட்காமல் நான் தழும்பை அழிக்க மாட்டேன். பரு, கொசுக்கடி மாதிரி நாலு நாளில் போகிறதை மட்டும் எடுப்பேன். சில இடங்களில் இடுப்பைக் குறைப்பது, நிறத்தை வெளுப்பது எல்லாம் கேட்காமலே செய்துவிடுகிறார்கள். கையில் வாங்கிய பிறகு "இது நானா" என்று கேட்டுப் பயனில்லை. முன்பே சொல்லிவிடுங்கள்.

சட்டம் படித்தவன் (சென்னை)

பணம் கட்டுவதற்கு முன் சில விஷயங்கள். என் தங்கைக்கு நடந்ததைப் பார்த்த பிறகு சொல்கிறேன். அவள் படம் அவளுக்கே தெரியாமல் ஒரு ஸ்டுடியோவின் விளம்பரத்தில், ஊர் முச்சந்தியில் ஃபிளெக்ஸாக நின்றது. பெயர் வேண்டாம்.

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம், 1957, 17ஆம் பிரிவின்படி நாம் பணம் கொடுத்து நம் வேண்டுகோளின் பேரில் எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது, முதல் உரிமையாளர் நாம்தான். எடுத்தவர் அல்ல. இது நிறைய பேருக்குத் தெரியாது, ஸ்டுடியோக்காரர்களுக்கும்தான். ஆனால் "வேறு ஒப்பந்தம் இல்லாதபோது" என்பதைக் கவனியுங்கள். முன்பணம் கட்டும்போது கையெழுத்து வாங்குகிற தாளிலோ, வாட்ஸாப்பில் அனுப்புகிற நிபந்தனையிலோ "படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்த ஸ்டுடியோவுக்கு உரிமை உண்டு" என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். அதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "என் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் எங்கும் வெளியிடக்கூடாது" என்று எழுதி வாங்கினால் இன்னும் நல்லது.

கூடவே கேளுங்கள்: திருத்திய படம் எத்தனை தருவார்கள், மற்றவை கிடைக்குமா, எத்தனை நாளில், குறித்த நாளுக்கு முன் பிரசவமாகிவிட்டாலோ டாக்டர் ஓய்வு சொன்னாலோ முன்பணம் என்னாகும். நல்லவர்கள் அதைப் பச்சைக் குழந்தை படத்துக்கு மாற்றிக்கொடுப்பார்கள். வருகிற குழுவில் ஒரு பெண் இருப்பாரா என்பதையும் கேளுங்கள். சேலையைச் சரி செய்ய ஆண் உதவியாளர் கை நீட்டினால் உங்களுக்கும் சங்கடம், அவருக்கும் சங்கடம்.

ஸ்கேன் படத்தைக் கையில் பிடித்து எடுக்கிறவர்கள் பெயர், வயது, மருத்துவமனை எண் எல்லாவற்றையும் விரலால் மறையுங்கள்.

அப்பாவாகப்போகிறவன் (ஓசூர்)

நீலம், ரோஸ் பலூன் எல்லாம் வைத்து எடுக்கலாமா என்று என் மனைவி கேட்டாள். கேக் கடையில் அந்த மாதிரி பொம்மைகள் விற்கிறார்கள்.

சட்டம் படித்தவன் (சென்னை)

பலூன் வைப்பதில் குற்றமில்லை. இரண்டு நிறமும் சேர்த்து வையுங்கள். இங்கே பிறக்கும் வரை என்ன குழந்தை என்று கேட்பதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். யாராவது "தெரிஞ்ச இடம் இருக்கு" என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மௌனம்

இந்த இழையை நாலைந்து நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன், எழுதலாமா என்று தெரியவில்லை. எனக்கு முதல் குழந்தை எட்டாம் மாதத்தில் தங்கவில்லை. அந்தக் கர்ப்பத்தில் நாங்கள் ஒரு படம்கூட எடுக்கவில்லை, எல்லாம் வளைகாப்பில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். இரண்டாவது முறை எல்லாரும் கண் பட்டுவிடும் என்று பயந்தார்கள். நான் மட்டும் கேட்கவில்லை. மாதம் ஒரு நாள், பீரோக் கண்ணாடி முன்னால் நின்று நானே கைப்பேசியில் எடுத்தேன். யாருக்கும் அனுப்பவில்லை. பூ இல்லை, பட்டு இல்லை, நைட்டியோடு எடுத்தவைதான். இவளுக்கு இப்போது நாலு வயது. அவ்வப்போது அந்தப் படங்களைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறாள்.

பெரிதாக ஷூட்டிங் வைக்க மனம் வராதவர்கள் இருந்தால் இப்படியும் ஒரு வழி உண்டு என்று சொல்லத்தான் எழுதினேன்.

நெல்லைச்சீமை (பாளையங்கோட்டை)

தாயே, நன்றாக இருங்கள். உங்கள் மகளுக்கு என் ஆசி.

வைகைக்கரை (மதுரை)

மௌனம் அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு அன்றைக்கே கண்ணாடி முன்னால் ஒன்று எடுத்துவிட்டேன்.

மாமியாரிடம் பேசியாயிற்று. பழைய ஆல்பம் சொன்ன மாதிரி சீமந்தப் படம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது! பரணில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள், ஓரம் கரையான் அரித்து. அதைத் துடைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் பேசினார். அவருடைய நிபந்தனை மூன்று: வயிறு திறந்து எடுக்கக்கூடாது, பிறக்கும் வரை யாருக்கும் அனுப்பக்கூடாது, எங்கள் வீட்டு ஆச்சி ஒரு படத்திலாவது இருக்க வேண்டும். முதலாவதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், வீட்டுக்காரர் என் பக்கம் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. ஒற்றை முந்தானையில் வட்டம் தெரிந்தால் போதும் என்று விட்டுக்கொடுத்துவிட்டேன். கீழக்குயில்குடி வேண்டாம் என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம், கழிப்பறைதான் காரணம். அக்னி நட்சத்திரம் மே 28இல் முடிகிறது. ஜூன் முதல் வாரம் எனக்கு 30 வாரம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிறு காலை, வீட்டிலேயே.

ஒளிப்படக்காரன் (தஞ்சாவூர்)

நல்ல முடிவு. ஆச்சி படத்தை முதலில் எடுத்துவிடுங்கள், வயதானவர்களைக் காக்க வைக்க வேண்டாம். வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். முதல் பத்து நிமிடம் குழந்தையோடு எடுத்து முடித்து, பிறகு பாட்டியிடம் அனுப்பிவிடுங்கள். எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியட்டும். இரண்டு உடைக்கு மேல் மாற்றாதீர்கள், களைப்பு உடை மாற்றுவதில்தான் வருகிறது. பூச்சடை வைப்பதாக இருந்தால் கடைசியில் வையுங்கள், அது கழுத்தை இழுக்கும். மல்லிகை வாசம் சிலருக்குக் குமட்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை (மதுரை)

எடுத்தாயிற்று! படங்கள் இன்னும் வரவில்லை, கேமராவின் சின்னத் திரையில் பார்த்ததோடு சரி. எங்கள் ஹால் சுவர் நல்ல பச்சை. மாமனாரின் வேட்டி இரண்டைக் கட்டியதும் அறையே மாறிவிட்டது, போட்டோகிராபரே "இது யார் சொன்னது" என்று கேட்டார். டியூப் லைட்டை அணைக்க அணைக்க மாமியார் வந்து "இருட்டா இருக்கே" என்று போட்டுக்கொண்டே இருந்தார். அவரை ஆச்சி பக்கத்தில் உட்கார வைத்துப் படம் எடுத்தபிறகுதான் நின்றது. வீட்டுக்காரர் வளையல் அடுக்கும்போது ஒன்றை உடைத்துவிட்டு விழித்தார், அது படத்தில் வந்திருக்கிறது. சடை வைத்து ஆளுயரக் கண்ணாடி முன்னால் ஒன்று எடுத்தோம், பழைய படத்தில் மாமியார் நிற்கிற அதே பக்கமாகத் திரும்பி. வயிறு மட்டும் என் படத்தில் தெரிகிறது.

விளம்பர வரியை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது, ஒன்றும் சொல்லவில்லை.

கொங்குத்தோழி (ஈரோடு)

பிரிண்ட் போட மறக்காதீர்கள். பென்டிரைவில் கொடுத்தது பென்டிரைவிலேயே கிடக்கும். எங்களுடையது எந்த டிராயரில் இருக்கிறது என்றே தெரியவில்லை.

தையல்மிஷின் (திருப்பூர்)

ரவிக்கை பொருந்தியதா? அதைச் சொல்லவே இல்லையே.

வைகைக்கரை (மதுரை)

பொருந்தியது அக்கா. ஒரு வாரம் முன்னால் அளவு கொடுத்தும் கடைசி ஊக்கு மாட்டவில்லை, முந்தானை மறைத்துவிட்டது.

இரட்டையர் அம்மா (சென்னை)

மதுரையில் ரவிக்கை பிரித்துத் தைக்க நல்ல ஆள் யார்? என் நாத்தனாருக்கு ஆடி கழிந்து ஏழாம் மாதம் வருகிறது.

மட்டுறுத்துநர்

தொலைபேசி எண்களைப் பொதுவில் பதிய வேண்டாம், தனி மடலில் அனுப்பிக்கொள்ளுங்கள்.